நோட்எம்சியு போர்டு புதுசு: போர்ட் காட்டலை, ரிலே மாட்டுனா எந்திரிக்கவே மாட்டேங்குது

கோபி_வாய்க்கால்கரை கேட்டது:

வணக்கமுங்க. வைஃபை இருக்குற ஈஎஸ்பி8266 சிப் வெச்ச நோட்எம்சியு போர்டு ஒண்ணு வாங்கியிருக்கேனுங்க. அகலமான போர்டு. யுஎஸ்பி பக்கத்துல இருக்குற ஐசி மேல சிஹெச்340-ன்னு இருக்குது. கூடவே 5 வோல்ட் ஒத்த ரிலே மாட்யூல் (சின்ன சிக்னல்ல பெரிய கரண்ட்டைப் போட்டு நிறுத்துற ஸ்விட்ச்), ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் (சத்தம் அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை வெச்சுத் தூரம் அளக்குறது), சால்டர் இல்லாம குத்தி மாட்டுற பிரெட்போர்டு ஒண்ணு.

தோட்டத்துல 5000 லிட்டர் கருப்பு பிளாஸ்டிக் தொட்டி. உள்விட்டம் 180 சென்டிமீட்டர், தண்ணி நிக்கிற உயரம் 190. ரவுட்டர் சாளையில இருக்குது, தொட்டி அங்கிருந்து 60 அடி. எத்தனை தண்ணி கிடக்குதுன்னு போன்ல தெரியணும். அப்புறம் 5 ஹெச்பி கிணத்து மோட்டாரை அதுவே போட்டு அதுவே நிறுத்தணும்.

இப்ப சிக்கல் மூணு:
1. விண்டோஸ் லேப்டாப்புல போர்ட்டே வரலை. போர்டுல லைட் மட்டும் ஒருக்கா மின்னுது.
2. வேற கம்ப்யூட்டர்ல எல்ஈடியை மின்ன வெக்கிற பிளிங்க் புரோகிராமை ஏத்துனேன், ஓடுச்சு. ரிலே சிக்னல் வயரை டி3-ல சொருகிட்டு கரண்ட் கொடுத்தா போர்டு ஆன் ஆகறதேயில்லை. வயரைப் புடுங்குனா ஓடுது. போர்டு போச்சுங்ளா?
3. ஆர்டுயினோ ஊனோ கொஞ்சம் பழக்கமுங்க. அதே மாதிரி 5 வோல்ட்லயே எல்லாத்தையும் மாட்டிக்கலாமுங்ளா?

பெருந்துறை_சால்டர்:

போர்ட் விசயத்தை முதல்ல முடிச்சுருவோமுங்க. முக்காவாசி நேரம் குத்தவாளி கேபிள்தான். சார்ஜருக்குன்னே வர்ற மலிவுக் கேபிள்கள்ல கரண்ட் போற ரெண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. லைட் எரியும், போர்ட் வராது. அதே கேபிள்ல உங்க போனை லேப்டாப்போட சேர்த்துப் பாருங்க. ஃபைல் மாத்தலாமான்னு கேட்டுச்சுன்னா கேபிள் நல்லாருக்குது.

கேபிள் சரின்னா டிவைஸ் மேனேஜரைத் திறங்க. மஞ்சள் முக்கோணத்தோட ஒரு பேர் வந்து நின்னா டிரைவர் இல்லைன்னு அர்த்தம். சிஹெச்340 டிரைவரைப் போட்டதும் காம்3, காம்5-ன்னு ஏதாச்சும் ஒரு நம்பர்ல வந்துரும். முக்கோணம்கூட வரலைன்னா திரும்பவும் கேபிளைத்தான் பாக்கோணும். உபுண்டு 22.04 வெச்சிருக்குறவங்களுக்கு வேறொரு கெரகம் உண்டு: பிரெய்ல் டிஸ்பிளேக்கான பிஆர்எல்டிடிஒய்ங்கிற புரோகிராம் இந்த சிஹெச்340-ஐ தன்னோட சாமான்னு நெனச்சுப் புடிச்சுக்கும். அதை எடுத்துட்டா போர்ட் வந்துரும்.

ஆர்டுயினோ ஐடிஇ-ல (புரோகிராம் எழுதி ஏத்துற சாப்ட்வேர்) பிரிஃபரன்சஸுக்குப் போய், கூடுதல் போர்டு லிங்க் கேக்குற கட்டத்துல ஈஎஸ்பி8266 கம்யூனிட்டியோட ஜேசன் லிங்க்கை ஒட்டுங்க. போர்ட்ஸ் மேனேஜர்ல ஈஎஸ்பி8266-ன்னு தேடி இன்ஸ்டால் பண்ணுங்க. போர்டு பட்டியல்ல நோட்எம்சியு 1.0, ஈஎஸ்பி-12ஈ. அப்லோடு வேகம் முதல்ல 115200-லயே இருக்கட்டும். கனெக்ட் ஆகலை, டைம் அவுட்னு வந்தா ஃபிளாஷ் பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஆர்எஸ்டி-யை ஒரு தட்டு தட்டி விட்டுட்டு, அப்புறம் ஃபிளாஷை விடுங்க. போர்டு புரோகிராம் வாங்கத் தயாரா நிக்கும்.

ஊனோவுல இருந்து வர்றவங்க எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்குதுங்க. போர்டுல டி5-ன்னு எழுதியிருக்குற கால் சிப்புக்கு ஜிபிஐஓ14 (ஜிபிஐஓ-ங்கறது சிப்போட சொந்தக் கால் நம்பர்). புரோகிராம்ல வெறும் 5-ன்னு எழுதுனா அது ஜிபிஐஓ5, அதாவது போர்டுல டி1. எப்பவும் டி போட்டே எழுதுங்க. போர்டு மேல இருக்குற நீல எல்ஈடி டி4-ல தலைகீழா மாட்டியிருக்குது. லோ (0 வோல்ட்) கொடுத்தா எரியும், ஹை (3.3 வோல்ட்) கொடுத்தா அணையும். பிளிங்க் தப்பா ஓடுதுன்னு பதற வேண்டாம்.

5 வோல்ட் கேள்விக்கு: விஐஎன் காலுக்கு 5 வோல்ட் கொடுக்கலாம், போர்டுல இருக்குற ரெகுலேட்டர் அதை 3.3 ஆக்கிக்கும். 3வி3 காலுக்கோ டி கால்களுக்கோ 5 வோல்ட் காட்டவே கூடாதுங்க. உடனே சாகலைன்னாலும் பின்னாடி ஒரு நாள் காரணம் தெரியாம சாகும். ஒரு காலுல இருந்து 12 மில்லிஆம்பியர் வரைக்கும்தான் எடுக்கலாம், ஊனோ மாதிரி 20, 30 தாங்காது. எல்ஈடிக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போதும்.

உங்க அகலமான போர்டை ஒரு பிரெட்போர்டுல குத்துனா ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டைகூட மிச்சமிருக்காது. ரெண்டு பிரெட்போர்டை ஒட்டி வெச்சு, பக்கத்துக்கு ஒரு வரிசையா குத்துங்க.

பீளமேடு_பிசிபி:

போர்டு போகலைங்க. டி3-ங்கறது ஜிபிஐஓ0. மேல சொன்ன ஃபிளாஷ் பட்டன் அமுக்குறதும் அதே காலைத்தான். கரண்ட் வந்த நொடியில சிப் மூணு காலைப் பார்த்துத்தான் என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணும். ஜிபிஐஓ0 (டி3) ஹை, ஜிபிஐஓ2 (டி4) ஹை, ஜிபிஐஓ15 (டி8) லோ. இப்படி இருந்தாத்தான் உங்க புரோகிராம் ஓடும். டி3 லோவா இருந்தா புது புரோகிராம் ஏத்தப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டு பொட்டாட்டம் காத்துட்டு நிக்கும். இப்ப உங்க போர்டு செய்யறது அதுதான்.

ரிலே மாட்டுனா ஏன் லோ ஆகுதுன்னா, உங்க மாட்யூல் ஹை கொடுத்தா இழுக்குற வகையா இருக்கோணும். சிக்னல் கால் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா டிரான்சிஸ்டரோட பேஸுக்குப் போகும். பேஸ் 0.7 வோல்ட்டுக்கு மேல ஏறாது. போர்டுல டி3-ஐ மேல இழுக்குறதுக்கு இருக்குறது 10, 12 கிலோ ஓம். 10-க்கும் 1-க்கும் இழுபறி வெச்சா யார் ஜெயிப்பான்னு சொல்லோணுமா? மல்டிமீட்டர்ல டி3-க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வெச்சுப் பாருங்க, ஒரு வோல்ட்டுக்குக் கீழதான் காட்டும்.

சீரியல் மானிட்டரை 74880-க்கு மாத்திட்டு ஆர்எஸ்டி-யைத் தட்டிப் பாருங்க. 115200-ல குப்பையா வர்ற அந்த முதல் வரி இதுல படிக்கிற மாதிரி வரும். பூட் மோட்ல முதல் எண் 3-ன்னா புரோகிராம் ஓடப்போகுது, 1-ன்னா புரோகிராம் வாங்கக் காத்துட்டு இருக்குது. அதுலயே ரீசெட் காரணமும் ஒரு எண்ணா வரும். 4-ன்னா ஹார்டுவேர் வாட்ச்டாக் (புரோகிராம் மாட்டிக்கிட்டா சிப்பை ரீசெட் பண்ற காவல் டைமர்) அடிச்சிருக்குது, எங்கயோ லூப் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். வைஃபை வேலையும் இந்த ஒரே சிப்தான் பாக்கோணும். மூணு செகண்டுக்கு மேல அதுக்கு வழிவிடாம வைல் லூப்பைச் சுத்தவிட்டா வாட்ச்டாக் அடிச்சிரும். லூப்புக்குள்ள ஒரு டிலே அல்லது யீல்டு போட்டுக்கோங்க.

ரிலேக்கு டி1, டி2 ரெண்டும்தான் பத்திரமான கால். அடுத்தது டி5, டி6, டி7. டி0 ஆன் ஆகுறப்ப ஹை ஆகும், உங்க மாட்யூல்ல ரிலே ஒருக்கா டக்குன்னு இழுத்துரும். மோட்டார் மாட்டப்போற இடத்துல அது ஆகாது.

லோ கொடுத்தா இழுக்குற, ஆப்டோகப்ளர் (வெளிச்சத்தால சிக்னல் கடத்துற ஐசி) வெச்ச மாட்யூல் மாத்தி வாங்குறவங்களுக்கு ஒண்ணு. விசிசி-க்கு 5 வோல்ட் கொடுத்துட்டு 3.3 வோல்ட் ஹை காட்டுனா நடுவுல 1.7 வோல்ட் மிச்சம் நிக்கும். ஆப்டோகப்ளர் எல்ஈடி லேசா எரிஞ்சுக்கிட்டே இருந்து ரிலே விடாம நிக்கிறது அதனாலதான். ஜேடி-விசிசி (ரிலே காயிலுக்குக் கரண்ட் போற கால்) ஜம்பரைக் கழட்டிட்டு, ஜேடி-விசிசி-க்கு 5, விசிசி-க்கு 3.3 கொடுங்க. செட்டப்ல முதல்ல ஹை எழுதிட்டு அப்புறம் அவுட்புட்னு சொல்லுங்க. வரிசை மாறுனா ஒருக்கா சொடுக்கும்.

கோபி_வாய்க்கால்கரை:

ரொம்ப நன்றிங்ணா. கேபிள்தானுங்க, மாத்துனதும் காம்4 வந்துருச்சு. ரிலே டி1-ல சுத்தமா வேலை செய்யுது.

இப்ப ரெண்டு புதுசா. வைஃபை புள்ளி புள்ளியா ஓடிட்டே இருக்குது, கனெக்ட் ஆகலை. அதே பாஸ்வேர்டுல போன் கனெக்ட் ஆகுது. சென்சார் மேசை மேல நல்லா காட்டுச்சு, தொட்டி மூடியில வெச்சு ஒரு ராத்திரி கழிச்சுப் பார்த்தா 0, 0, 187, 0, 23-ன்னு குதிக்குது.

ஈரோடு_மஞ்சள்காரி:

வைஃபை: ஈஎஸ்பி8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தாங்க தெரியும். 5 அதுக்குக் கண்ணுக்கே தெரியாது. ரவுட்டர் பக்கத்துல ரெண்டையும் தனித்தனிப் பேர்ல பிரிச்சு, 2.4-ஓட பேரைக் கொடுங்க. பாதுகாப்பு டபிள்யூபிஏ2-ல இருக்கட்டும், டபிள்யூபிஏ3 மட்டும்னு வெச்சிருந்தா கனெக்ட் ஆகாது. புள்ளிக்குப் பதிலா வைஃபை ஸ்டேட்டஸ் எண்ணை அச்சடிக்க விடுங்க. 1-ன்னா அந்தப் பேரே கிடைக்கலை, 3-ன்னா கனெக்ட் ஆயிருச்சு, 6-ன்னா பாஸ்வேர்டு தப்பு. பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து, கடைசியில ஒரு ஸ்பேஸ், இதையெல்லாம் போன் நெனப்புல வெச்சுக்கும், நாம டைப் பண்றப்ப விட்டுருவோம்.

தொட்டிகிட்ட போனதும் ஆர்எஸ்எஸ்ஐ (வைஃபை சிக்னல் பலம்) பாருங்க. மைனஸ் 67 வந்தா அருமை. மைனஸ் 80-க்குக் கீழ போச்சுன்னா அப்பப்ப அறுந்துக்கிட்டே இருக்கும். 2.4 சிக்னலைத் தண்ணி குடிச்சிரும், அதனால பெட்டியைத் தொட்டிக்கு அக்கட்டால வெக்காம ரவுட்டரைப் பாத்த பக்கம் கட்டுங்க. தகரப் பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் ஐபி65 பெட்டி. போர்டு முனையில வளைஞ்சு வளைஞ்சு இருக்குற கோடுதான் ஆன்டெனா. அதுகிட்ட வயர் சுருட்டி வெக்காதீங்க.

கரண்ட் எப்படிக் கொண்டு போறீங்கன்னு சொல்லலை. சாளையில இருந்து 5 வோல்ட் சார்ஜரை நெட்வொர்க் கேபிள்ல இழுக்குறதா இருந்தா ஒரு கணக்குப் போடுங்க. 60 அடின்னா 18 மீட்டர், போக வர 36. அந்தக் கம்பி மீட்டருக்கு 0.084 ஓம், மொத்தம் 3 ஓம். வைஃபை அனுப்புற நேரத்துல 300 மில்லிஆம்பியர் இழுத்தா 0.9 வோல்ட் வழியிலயே போயிரும். போர்டுக்கு மிஞ்சறது 4.1. அதுல இருக்குற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு 3.3 கொடுக்க 4.4-க்கு மேல வேணும். கனெக்ட் ஆகப்போற நேரத்துல பாத்து ரீசெட் ஆகும், நாம புரோகிராம்ல தப்பு தேடிட்டு இருப்போம். 12 வோல்ட் அடாப்டர் போட்டு, தொட்டிப் பக்கம் ஒரு பக் கன்வெர்ட்டர்ல 5-க்கு இறக்குங்க. போர்டை மாட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சு கன்வெர்ட்டர்ல இருக்குற திருகை 5.0-க்குத் திருகிடோணும். புதுசா வர்றப்ப அது எதுல நிக்கும்னு சொல்ல முடியாது. விஐஎன்-க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

சென்சார்: ஹெச்சி-எஸ்ஆர்04 தொட்டிக்கு ஆகாதுங்க. ராத்திரி மூடிக்கு அடியில ஆவி படிஞ்சு அந்த ரெண்டு கண்ணுக்குள்ளயும் முத்து முத்தா நீர் நிக்கும். விடியக்காலையில கழட்டிப் பாருங்க, தெரியும். தண்ணி புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்க, ஒத்தக் கண்ணு, வயரோட வரும். அதுக்குக் கிட்டத்துப் பார்வை கிடையாது, 20, 25 சென்டிமீட்டருக்குள்ள இருக்குறது தெரியாது. தண்ணி முழுசா நிறைஞ்சாலும் சென்சாருக்கு அடியில அவ்வளவு எடம் இருக்குற மாதிரி மூடி மேல ஏத்தி வைங்க. தண்ணி விழுற பைப்புக்கு எதிர்ப்பக்கமா, சுவத்துல இருந்து தள்ளி. மூடி இறுக்கமா இருக்கோணும், ஆடிக்காத்துல மூடி ஆடுனா ரீடிங்கும் ஆடும்.

ரெண்டு சென்சாருக்கும் 5 வோல்ட், எக்கோ காலும் (பதில் சிக்னல் வர்ற கால்) 5 வோல்ட்தான் துப்பும். எக்கோவுல இருந்து 1 கிலோ ஓம் வழியா டி6-க்கு, டி6-ல இருந்து 2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. 3.3 ஆயிரும். டிரிக்கர் (சென்சாரை அளக்கச் சொல்ற கால்) டி5-ல நேரா போகலாம், 20 மைக்ரோசெகண்ட் பல்ஸ் கொடுங்க. எக்கோ நேரத்தை அளக்குற பல்ஸ்இன்-ல டைம் அவுட் 30000-ன்னு போடுங்க, சும்மா விட்டா ஒரு செகண்ட் காத்துட்டு நிக்கும். எக்கோ வரலைன்னாத்தான் 0. அதைத் தொட்டி நிறைஞ்சுதுன்னு எடுத்துக்காம தூக்கிப் போடோணும். 60 மில்லிசெகண்ட் விட்டு விட்டு ஏழு தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை எடுங்க. சராசரி வேண்டாம், ஒரு கோணல் ரீடிங் சராசரியையே இழுத்துட்டுப் போயிரும்.

மைக்ரோசெகண்டை 58-ஆல வகுத்தா சென்டிமீட்டர். உங்க தொட்டியில ஒரு சென்டிமீட்டருக்கு 25.4 லிட்டர். உச்சி வெயில்ல கருப்புத் தொட்டிக்குள்ள காத்து 40 டிகிரி ஆனா சத்தம் வேகமாப் போகும். 150 சென்டிமீட்டர் தூரத்துல நாலஞ்சு சென்டிமீட்டர் குறைச்சுக் காட்டும், அதாவது நூறு லிட்டர் சொச்சம் இல்லாத தண்ணி இருக்குற மாதிரி. மத்தியானம் தண்ணி ஏறுனாப்புல தெரிஞ்சா மோட்டார் ஓடுதான்னு தேடாதீங்க.

பல்லடம்_தறிச்சத்தம்:

லெவல் லிட்டர் கணக்குல பாக்குறது அழகுதான். மோட்டாரை நிறுத்தறதுக்கு மட்டும் அல்ட்ராசோனிக்கை நம்பாதீங்கன்னு சொல்றேன். ரெண்டு மிதவை ஸ்விட்ச், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ஆவி படியாது, சூடு பாக்காது. வயர் நீளமா இருந்தா போர்டுக்குள்ள இருக்குற புல்-அப் (காலை ஹைக்கு இழுக்குற ரெசிஸ்டர்) போதாது, 4.7 கிலோ ஓம் வெளியில போட்டு 3.3-க்கு இழுங்க. 50 மில்லிசெகண்ட் நிலையா இருந்தாத்தான் ஒத்துக்கோணும்.

ஈரோடு_மஞ்சள்காரி:

ஒத்துக்கறேனுங்ணா. மேல் மிதவை நிறுத்தறதுக்கு, அல்ட்ராசோனிக் கண்ணுல பாக்குறதுக்கு. கீழ் மிதவை தேவையில்லைன்னு நெனக்கிறேன்.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:

மோட்டார் பக்கம் யாரும் வரலை, நான் சொல்றேன் தம்பி. அந்த ரிலே மாட்யூலை ஸ்டார்ட்டர்ல நேரா மாட்டிராதீங்க. ரிலே நெத்தியில 10 ஆம்பியர் 250 வோல்ட்னு எழுதியிருக்கும். டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரா லைன்ல போடுற பெட்டி) காயில் ரெண்டு பேஸுக்கு நடுவுல, 415 வோல்ட்ல இருக்கும். கான்டாக்ட் ஒட்டிக்கிச்சுன்னா ஸ்டாப் பட்டனைக் கையை எடுத்த மறுநொடி மோட்டார் திரும்ப எடுத்துக்கும்.

வழி என்னன்னா, 230 வோல்ட் காயில், 415 தாங்குற கான்டாக்ட் உள்ள துணைக் கான்டாக்டர் (பெரிய ரிலே மாதிரி) ரெண்டு. கான்டாக்டருக்கு ஒரு போர்டு ரிலேன்னு ரெண்டு ரிலே, அந்தக் காயில்களை மட்டும் ஓட்டட்டும். ஒரு கான்டாக்டரோட என்ஓ (சும்மா இருக்குறப்ப திறந்திருக்குற) முனையைப் பச்சை பட்டனுக்கு இணையா, இன்னொண்ணோட என்சி (சும்மா இருக்குறப்ப மூடியிருக்குற) முனையைச் சிவப்பு பட்டனோட தொடரா. ஸ்டார்ட்டுக்கு ஒரு செகண்ட் பல்ஸ் போதும். இப்படி மாட்டுனா போர்டு செத்தாலும் கையால போட்டு நிறுத்திக்கலாம், ஓவர்லோடு ரிலேயும் பிரிவென்டரும் (ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்துறது) அதுபாட்டுக்கு வேலை செய்யும். காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர் தொடரா போடுங்க. இல்லாட்டி காயில் விடுற ஒவ்வொரு தடவையும் அந்தத் துள்ளல்ல போர்டு ரீசெட் ஆகும். பேனலுக்குள்ள கை வெக்கிறது மெயினை இறக்கி ஃபியூஸைக் கழட்டிட்டு, வயர்மேன் கூட நிக்கிறப்பத்தான்.

இன்னொண்ணு, ஸ்டார்ட்டர் கிணத்து மேட்டுல, தொட்டி வேற பக்கம். அப்ப போர்டு ரெண்டு வேணும். தொட்டிப் போர்டு நிமிசத்துக்கு ஒருக்கா லெவல் அனுப்பட்டும். மோட்டார்ப் போர்டுக்கு அஞ்சு நிமிசம் சேதி வரலைன்னா நிறுத்திரோணும், கடைசியா வந்த ரீடிங்கை நம்பி ஓட்டக் கூடாது. மோட்டார் போட்டு பத்து நிமிசத்துல லெவல் ஏறலைன்னாலும் நிறுத்தி சேதி சொல்லோணும். கிணத்துல தண்ணி இல்லை, இல்லைன்னா ஃபுட்வால்வு விட்டுருச்சு. மூணு பேஸ் போய்த் திரும்பி வந்ததும் தானா எடுக்க விடாதீங்க, ரெண்டு நிமிசமாவது தள்ளுங்க. ஊரே ஒரே நொடியில மோட்டார் போடும், அந்த நேரத்து வோல்டேஜுல நம்ம மோட்டார் உறுமிட்டு நிக்கும்.

பீளமேடு_பிசிபி:

ரெண்டு போர்டு பேசிக்கறதுக்கும் போனுக்கும் எம்க்யூடிடி (நடுவுல ஒரு சர்வர் வழியா சேதி மாத்திக்கிற முறை) வெச்சுக்கோங்க. வீட்டு பிராட்பேண்டுல பெரும்பாலும் உங்களுக்குன்னு தனி ஐபி கிடைக்காது, வெளியிருந்து போர்டைக் கூப்பிட முடியாது. போர்டுதான் வெளிய போய்ப் பேசோணும், எம்க்யூடிடி அப்படித்தான். புரோகிராம் எழுதறது இழுவைன்னா ஈஎஸ்பிஹோம் (நாம எழுதுற கட்டமைப்பை வெச்சு அதுவே புரோகிராம் ஆக்கிக்கிற சாப்ட்வேர்) பாருங்க. இந்த சென்சாருக்கும் மிதவைக்கும் இருபது முப்பது வரி கட்டமைப்புல முடிஞ்சுரும். நான் சொல்றது என்னன்னா, மோட்டார்ப் போர்டுக்கு மட்டும் நீங்களே எழுதுங்க. எதுக்கு நிறுத்துச்சுன்னு வரி வரியா தெரிஞ்சிருக்கோணும்.

கோபி_வாய்க்கால்கரை:

2.4-ஐ தனிப் பேர்ல பிரிச்சதும் கனெக்ட் ஆயிருச்சுங்க. தொட்டிகிட்ட மைனஸ் 71 காட்டுது. மோட்டார் வேலையை அப்புறம் வயர்மேனை வெச்சுப் பாத்துக்கறேன், இப்ப லெவல் மட்டும். ஜேஎஸ்என் சென்சாருக்கு மூடியில எத்தனை மில்லிமீட்டர் துளைங்க?

ஈரோடு_மஞ்சள்காரி:

22, 23 வரும். சென்சார் கைக்கு வந்ததும் அளந்துட்டுப் போடுங்க, இறுக்கமா உக்காரோணும். மூடியைக் கழட்டி கீழ வெச்சுத் துளைங்க. மேலயே வெச்சுத் துளைச்சா பிளாஸ்டிக் சுருள் தண்ணியில விழுந்து சொட்டுநீர் ஃபில்டர்ல போய் உக்காந்துக்கும்.